ஊசி முனையில் ஒரு தூத்துக்குடிக் குரல்

ஜாஸ் பாடகர்கள் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய தட்டின் மறுபதிப்பைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க இசைத்தட்டுதான்.

அந்தத் தட்டில் அப்படி என்னதான் இருக்கிறது, அண்ணாச்சி?
*(மட்டக்கடை வாசகர்)*

ஒரு வழுவழுப்பான குரல், ஒரு கரகரத்த குரல், நடுவே தாராளமாக இடம். 1956 ஆகஸ்ட் 16 அன்று ஹாலிவுட்டின் கேப்பிட்டல் ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிவான தட்டு அது. பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சன், கிதாரில் ஹெர்ப் எல்லிஸ், பாஸில் ரே பிரவுன், டிரம்ஸில் பட்டி ரிச். நால்வருமே ஜாம்பவான்கள். ஆனாலும் பாடுகிறவர்களை முந்திக்கொண்டு ஒருவரும் வாசிக்கவில்லை. நல்ல மறுபதிப்பில் லூயி அடுத்த அடிக்கு மூச்சிழுப்பதுகூடக் காதில் விழும். அந்த மூச்சுக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

180 கிராம் தட்டு என்று அட்டையில் தங்க எழுத்தில் போடுகிறார்கள். கனம் கூடினால் ஒலியும் கூடுமா?
*(முத்தையாபுரம் வாசகி)*

கூடாது. சாதாரணத் தட்டு 120 முதல் 140 கிராம் இருக்கும். கனமான தட்டு சுலபமாக வளையாது என்பது உண்மைதான், ஆனால் பாட்டு இருப்பது பள்ளத்தில், எடையில் இல்லை. விலை கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள்? பள்ளத்தை யார் வெட்டினார்? எந்த ஆலையில் அச்சானது? மூன்றுக்கும் அட்டையிலேயே பதில் போட்டிருந்தால் தைரியமாக வாங்குங்கள். வெறும் கிராம் கணக்கு மட்டும் இருந்தால் அடுத்த தட்டைப் பாருங்கள்.

"முழுக்க அனலாக்" என்று சொல்லி ஏமாற்றிய கதை ஒன்று உண்டாமே?
*(திரேஸ்புரம் வாசகர்)*

உண்டு. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புகளை அசல் நாடாவிலிருந்து நேரடியாக வெட்டியவை என்று நம்பித்தான் ரசிகர்கள் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். நாடாவுக்கும் தட்டுக்கும் நடுவில் டிஜிட்டல் பிரதி ஒன்று இருந்தது 2022 ஜூலையில் வெளிவந்தது. வாங்கியவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அந்தத் தட்டுகள் அருமையாகத்தான் ஒலித்தன, யாருடைய காதும் கண்டுபிடிக்கவில்லை என்று வாதாடியவர்களும் உண்டு. என் காதுக்கும் அவை நன்றாகவே இருந்தன. ஆனால் மறுபதிப்பு என்பது பழைய பதிவுக்கும் நமக்கும் நடுவில் நின்று ஒருவர் சொல்லும் சாட்சி. சாட்சி எதையும் மறைக்கக் கூடாது.

ஜாஸுக்கும் உப்பளத்துக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஊர்க்காரர் யாராவது அப்படிப் பாடியிருக்கிறாரா?
*(தருவைக்குளம் வாசகர்)*

பாடியிருக்கிறார். ஜோசப் பனிமயதாஸ். 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை, பெயரில் ஊரின் பனிமய மாதா. அப்பா ரொட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர். குடும்பம் கொழும்புக்குப் பெயர, பையன் அங்கே வளர்ந்தான். மேற்கத்திய நடன இசையும் பைலாவும் புழங்கிய துறைமுக நகரம் அது. பின்னால் சென்னைக்கு வந்து சந்திரபாபு ஆனார். நாடு அவரைச் சிரிப்பு நடிகராக நினைவு வைத்திருக்கிறது. நான் அவரை முதலில் பாடகர் என்றே சொல்வேன், இந்தக் கரை பெற்ற பாடகர்களில் தலையானவர் என்றும் சொல்வேன்.

காரணம் இது. அவருக்கு முந்தைய தலைமுறை நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று குரலெடுத்துப் பாடியது. சந்திரபாபு மைக்குக்குப் பாடினார். ஏ.எம். ராஜாவும் மென்மையாகத்தான் பாடினார், ஆனால் ராஜாவின் மென்மையில் எப்போதும் ஒரு சீர் உண்டு. சந்திரபாபு பேச்சையும் பாட்டையும் கலந்து, தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி நின்று, கடைசி நொடியில் வந்து சேர்ந்துகொள்வார். 1960-இல் வந்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் அவர் பாடிய சோகப் பாட்டை ராத்திரி, விளக்கணைத்து, ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். அடியின் முடிவில் குரலை இழுக்காமல் அப்படியே விட்டுவிடுவார், மிச்சத்தை நம் காது பாடிக்கொள்ளும். எல்லாவும் லூயியும் ஹாலிவுட்டில் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். அவர்கள் தட்டு 1956, சந்திரபாபு பாடிய 'புதையல்' படம் 1957. நடுவில் ஒரே ஒரு வருஷம்.

சந்திரபாபு பாடியது ஜாஸ் என்று இசைப் பண்டிதர்கள் ஒப்புக்கொள்வார்களா?
*(மணப்பாடு ஆசிரியை)*

கறாராகப் பார்த்தால் மாட்டார்கள், டீச்சர். மேடையில் நின்று, நினைத்த நேரத்தில் மெட்டைக் கலைத்துக் கட்டும் ஜாஸ் கச்சேரியை அவர் செய்யவில்லை. அவர் பாடியது மூன்று நிமிஷ சினிமாப் பாட்டு. அதில் நடன இசை, ராக் அண்ட் ரோல், நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக் குரலுக்கு ஒரே தாவலில் போய்வரும் யோட்லிங் என்று எல்லாமே உண்டு. ஆனால் ஜாஸ் பாட்டுத் தட்டை நேசிக்கிறவர் எதைத் தேடுகிறாரோ அது அவரிடம் இருக்கிறது: கிட்டத்தில் கேட்கும் குரலின் ஈரம், தாளத்தோடு விளையாட்டு, கேட்கிற ஆளிடம் தனியாகப் பேசுகிற தொனி.

ஜாஸ் மேதைகள் யாராவது நம் பக்கம் வந்ததுண்டா?
*(வேம்பார் வாசகர்)*

டேவ் புரூபெக் 1958-இல் சென்னைக்கும் கொழும்புக்கும் வந்தார். டியூக் எலிங்டன் 1963-இல் கொழும்பில் வாசித்தார். கொழும்பு நமக்குச் சென்னையை விடப் பக்கம்.

எல்லாவுக்குச் செய்ததுபோல சந்திரபாபுவுக்கும் ஒரு நல்ல எல்.பி. போடலாமே, என்ன தடை?
*(புதிய துறைமுகத்தில் வேலை பார்க்கும் வாசகர்)*

ஆசைப்படத்தான் வேண்டும், நானும் ஆசைப்படுகிறேன். முதல் வேலை, மூலம் தேடுவது. நாடாவோ ஃபிலிம் ஒலித்தடமோ கெடாமல் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காத பாட்டுக்கு, அன்று வெளிவந்த 78 சுழற்சித் தட்டில் நல்ல பிரதிதான் மூலம்.

அதிலிருந்து எடுப்பது லேசான வேலை இல்லை. 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்கான ஊசி சுமார் 75 மைக்ரான். எல்.பி. ஊசி 25 மைக்ரானோ அதற்கும் குறைவோ. எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும். கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் ஓடித் தேய்ந்த தட்டாக இருந்தாலும் கைவிட வேண்டாம். கனமான எஃகு ஊசி பள்ளத்துச் சுவரை ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்த்திருக்கும். கொஞ்சம் பெரிய ஊசியோ சின்ன ஊசியோ மாற்றி வைத்தால், தேயாத சுவரில் போய் உட்காரும். அறுபது எழுபது வருஷமாக ஒருவரும் தொடாத இடத்தில் குரல் அப்படியே இருக்கும். ஒரே பாட்டை நாலைந்து ஊசியில் பதிந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பொறுக்குகிற பொறுமைசாலியிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் கணினியில் இரைச்சலை ஒட்ட வழித்துவிடக் கூடாது. இரைச்சலோடு மூச்சும் போய்விடும்.

சட்டம் இடம் கொடுக்குமா?
*(அதே வாசகர்)*

பாதி கொடுக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 வருஷம்தான். 'புதையல்' பதிவின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை, எழுதியவர் மறைந்து 60 வருஷம் வரை ஓடும். அதே படத்துக்குப் பாட்டெழுதிய பட்டுக்கோட்டையார் 1959-இல் மறைந்தார், அவருடைய வரிகள் பொதுவாகிவிட்டன. இசையமைத்த இரட்டையரில் எம்.எஸ். விஸ்வநாதன் 2015 வரை இருந்தார். ஆகவே அனுமதி கேட்டு, உரிய பணம் கட்டித்தான் போட வேண்டும். அதுதான் முறையும்கூட.

தாத்தாவின் 78 தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா?
*(புன்னைக்காயல் வாசகி)*

ஐயோ, வேண்டாம் தாயி! அந்தத் தட்டு அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், பாட்டும் அதோடு கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு, மெத்தென்ற துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பு. லேபிளில் ஈரம் படக் கூடாது. துடைத்ததும் செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும்.

அரக்கா? முத்திரை வைக்கிற அரக்கா?
*(ஆறுமுகநேரி மாணவர்)*

அதே வகைதான், தம்பி. மரக்கிளையில் பூச்சி சுரக்கும் பிசின். அதோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தினால் தட்டு. உலகத்துக்கு அரக்கை அனுப்பிய முக்கிய நாடு இந்தியா. போர் வந்து வரத்து சுருங்கியதும், 1942-இல் அமெரிக்க அரசு அரக்குக்குக் கட்டுப்பாடு போட்டது. பழைய தட்டுகளைத் திரும்பக் கொடுங்கள் என்று கம்பெனிகள் கேட்டன, அவற்றை உருக்கிப் புதுத் தட்டு அடித்தார்கள். நம் காட்டுப் பூச்சி இல்லாமல் அந்தக் காலத்து ஜாஸ் வீடுகளுக்குள் போயிருக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தட்டுப் பெட்டி முழுகிவிட்டது. அட்டையெல்லாம் சேறு. தூக்கிப் போடச் சொல்கிறாள் மகள்.
*(காயல்பட்டினம் வாசகர்)*

போடாதீர்கள். உங்கள் ஊரில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. வினைல் எல்.பி.க்குத் தண்ணீர் எமன் இல்லை, சேறுதான் எமன். உலர்ந்த சேற்றைச் சுரண்டினால் பள்ளம் கீறும், முதலில் ஊறவிட்டுக் கழுவுங்கள். நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் அப்பளமாக வளையும். அட்டை பூஞ்சை பிடித்திருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் கழித்துவிடுங்கள். வெள்ளை உறை வாங்கி, மேலே பென்சிலால் பெயர் எழுதினால் போதும்.

கடற்காற்றில் டர்ன்டேபிள் தாங்குமா?
*(பீச் ரோடு வாசகர்)*

மூடி போட்டு வைத்தால் தாங்கும். உப்புக்காற்று முதலில் பிடிப்பது இணைப்பு முனைகளை. ஒரு பக்கம் ஒலி குறைந்தால் ஊசியைத் திட்டும் முன் வயரைக் கழற்றிப் பாருங்கள், பச்சை படிந்திருக்கும்.

பழைய தட்டு தேடுவதும் முத்துக் குளிப்பும் ஒன்றுதானே? எல்லாம் அதிர்ஷ்டம்!
*(சிப்பிக்குளம் வாசகர்)*

முத்துக் குளிப்பு வெறும் அதிர்ஷ்டத்தில் நடக்கவில்லை. இங்கே கடைசிக் குளிப்பு 1961-இல் முடிந்தது. அதற்கு முன்னெல்லாம் கடலடி முத்துப்பாரில் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, உடைத்து, முத்தின் மதிப்பைக் கணக்குப் போட்ட பிறகுதான் குளிப்பு அறிவிப்பார்கள். தட்டையும் அப்படிப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். 78-இல் பள்ளம் சாம்பல் பூத்திருந்தால் எஃகு ஊசி தின்றுவிட்டது என்று அர்த்தம், கருமையாக மின்னினால் உயிர் இருக்கிறது. எல்.பி.யில் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று இடத்தில் கீறிய எழுத்துகளைப் படியுங்கள். வெட்டியவர் பெயரை அங்கேதான் வைத்துவிட்டுப் போவார். ரூடி வான் கெல்டர் வெட்டிய தட்டை அந்தக் கீறலை வைத்தே அடையாளம் காண்பார்கள்.

எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே?
*(கோவில்பட்டி வாசகர்)*

கிடைக்கிறது, கேளுங்கள். ஆனால் அங்கே கிடைக்கும் சந்திரபாபு பாட்டு பல, பிரதிக்குப் பிரதி எடுத்துக் குரல் சப்பையாகிப்போனவை. நல்ல மூலத்திலிருந்து ஒருமுறை சரியாக எடுத்தால் தட்டுக்கும் ஆகும், உங்கள் போனுக்கும் ஆகும்.

உங்கள் கையில் கொடுத்தால் அந்த எல்.பி.யில் எந்தெந்தப் பாட்டைப் போடுவீர்கள்?
*(மட்டக்கடை வாசகர்)*

பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குள், அதாவது ஆறு பாட்டுக்கு மேல் நெருக்க மாட்டேன். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு ஓட இடம் தாராளம், உள்ளே போகப்போக நெருக்கடி, உச்சக் குரல் அங்கே பிசிறும். அதனால் துள்ளலும் யோட்லிங்கும் வெளி ஓரத்துக்கு, தணிந்த பாட்டு உள்ளே. முதல் பக்கம் 'மணமகன் தேவை'யில் தொடங்கி, 'புதையல்', 'சகோதரி', 'மரகதம்' என்று போய் 'கவலை இல்லாத மனிதன்' பாட்டில் முடியும். 'மரகத'த்தில் ஜமுனா ராணியும் கூட வருகிறார், அந்த ஜோடிக் குரலுக்காகவே ஒரு தனி ஊசி தேடலாம். இரண்டாம் பக்கத்தை 'ஆண்டவன் கட்டளை'யின் சிரிப்புப் பாட்டு திறக்கட்டும். அடுத்து 'போலீஸ்காரன் மகள்', அப்புறம் 'பெண்'. அந்தப் படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான். பிறகு 'குமார ராஜா'. கடைசி இடம் 'அன்னை'க்கு. அந்த இடத்தை 'குமார ராஜா'வுக்குத்தான் தர வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி உண்டு. உங்கள் வோட்டு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வீட்டுப் பரணில் இந்தப் படங்களின் 78 தட்டு கருமையாக மின்னிக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.