சேற்றில் நின்ற கால்

கேள்வி: கண்மாய்ச் சேற்றில் நாள் முழுதும் நின்றாலும் தண்ணீர் காலுக்குள் புகுவதில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், செல்லூர்

பதில்: மேலே சற்று ஊறுமேயன்றி உள்ளே இறங்காது. தனக்கென்று ஒரு ரத்தக் குழாய்கூட இல்லாத எபிதீலியத் திசுவின் அணுக்கள், டெஸ்மோசோம் என்னும் புரதப் பிணைப்புகளால், உங்களூர்த் தறியின் ஊடும் பாவும்போல ஒன்றையொன்று இறுகப் பற்றி, சந்துகளைக் கொழுப்பால் அடைத்துச் சரீரத்தைக் காக்கின்றன. ஓயாத உராய்வில் அந்தப் பிடி விட்டு, அடுக்குகள் பிரிந்து நீர் கோத்துக்கொள்வதே கொப்புளம். பிணைப்பை அவிழ்க்க வகையற்ற மண்கிருமிகளுக்கோ கருவேல முள் ஒன்றே திறவுகோல். அது குத்திய துவாரத்தின் வழியே பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து விளைவிக்கும் வியாதியை, 1842இல் நம் மதுரையில் கில் என்ற மருத்துவர் விவரித்ததனால்தான், வைத்திய சாஸ்திரம் அதை இன்றும் ‘மதுரா பாதம்’ என்கிறது. சேற்றைவிட முள்ளுக்கு அஞ்சி, செருப்போடு இறங்குங்கள்.