33 லட்சம், சொட்டுத் தண்ணீர் இல்லை

நிக்கோமீடியா நகரசபை குடிதண்ணீர்த் திட்டத்துக்கு 33 லட்சம் செஸ்டர்ஸுக்கு மேல் செலவழித்தது. கல் வளைவுகள் எழும்பின, பாதியில் நின்றன, அப்புறம் நின்றதையும் இடித்துத் தள்ளினார்கள். பழைய திட்டத்துக்கு நேரம் சரியில்லை போலிருக்கிறது என்று இரண்டாவதாக ஒன்று போட்டு, அதில் இன்னொரு 2 லட்சத்தை இறைத்தார்கள். தண்ணீரைத்தான் இறைக்க முடியவில்லை. ரோமிலிருந்து புது ஆளுநர் பிளினி வந்து பார்த்தபோது ஊருக்கு மூன்றாவது திட்டம் தேவைப்பட்டது.

செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயம் நம் கணக்கில் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: அன்றைய ரோமப் படையில் சாதாரணச் சிப்பாயின் வருஷச் சம்பளம் 1,200. அதிலும் சாப்பாட்டுக்கு, உடுப்புக்கு என்று பிடித்தம் போகத்தான் கைக்கு வரும்.

இதெல்லாம் கி.பி. 110ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வடக்குப் பகுதியில், பித்தினியா-பொன்டஸ் மாகாணத்தில் நடந்தது. மாகாணத்தில் முதல் ஊர் யார் என்று நிக்கோமீடியாவுக்கும் நிக்கேயாவுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தகராறு. பெருமைக்குக் கட்டிக் கட்டியே ஊர்க் கஜானாக்கள் துடைத்துப்போட்டது மாதிரி ஆகிவிட, பேரரசர் டிராஜன் கணக்குப் பார்க்க ஆள் அனுப்பினார். யாரை? முன்பு அந்த மாகாணத்தை ஆண்ட பாஸஸ், வரேனஸ் இருவர்மீதும் மாகாணத்தார் சுரண்டல் வழக்குப் போட்டபோது, இருவருக்கும் வக்கீலாக நின்ற பிளினியை. பாஸஸ் வாங்கியதெல்லாம் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் வந்த சின்னச் சின்ன அன்பளிப்பு, அவ்வளவுதானே என்பது அன்றைய வாதம். ஆடிட்டருக்கு இதைவிட அனுபவம் வேண்டுமா என்ன!

செப்டம்பர் 17ஆம் தேதி மாகாணத்தில் கால் வைத்தார். முதல் வேலையாகப் புரூஸா ஊர்க் கணக்கைப் பிரித்தார். ஊர்ப் பணம் ஏதேதோ சாக்கில் தனியார் மடிகளில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டட வேலைகளை நேர்மையாக ஒருமுறை மறு அளவு எடுத்தாலே போதும், வேலையை மேற்பார்த்தவர்களிடமிருந்து கணிசமான தொகையைத் திரும்பக் கறக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கட்டட வேலையின் அளவுப் புத்தகமான எம்-புக்கைப் புரட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அளவெடுக்க ஓர் ஆளை அனுப்பும்படி டிராஜனுக்கு எழுதினார். ரோமில் நடக்கிற வேலைக்கே ஆள் பற்றவில்லை, நம்பகமானவர்கள் எல்லா மாகாணத்திலும் இருப்பார்கள், அங்கேயே தேடிக்கொள் என்று பதில் வந்தது.

நிக்கேயாக்காரர்கள் தண்ணீர் போன்ற அற்ப விஷயத்தில் இறங்கவில்லை. தியேட்டர் கட்டினார்கள். ஒரு கோடி செஸ்டர்ஸுக்கு மேல், அதாவது எட்டாயிரம் சிப்பாய்களுக்கும் கூடுதலான பேரின் ஒரு வருஷச் சம்பளம், உள்ளே போய்விட்டதாகப் பிளினி காதில் விழுந்தது. தியேட்டரும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பூமி ஈரமா, கல் சொத்தையா, தெரியாது. கட்டடம் அமிழ்கிறது, சுவரில் பெரிய பெரிய வெடிப்பு. முடிப்பதா, அப்படியே விடுவதா, இடித்துவிடுவதா என்பதே கேள்வி. தாங்கிப் பிடிக்கக் கொடுத்த முட்டுகளைப் பார்த்தால் உறுதியைவிடச் செலவுதான் அதிகம் தெரிகிறது என்று மனிதர் எழுதியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. தியேட்டரைச் சுற்றி மண்டபம் கட்டித் தருகிறேன், மேலே நடைக்கூடம் எழுப்பித் தருகிறேன் என்று ஊர்த் தனவான்கள் பலர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். தியேட்டர் முடியாமல் மற்றதைத் தொடங்க முடியாதே! பெயரும் வந்தாயிற்று, பணமும் பத்திரம். அந்த வெடிப்பு விழுந்த சுவருக்கு அவர்கள் தினம் ஒரு கற்பூரம் கொளுத்தியிருக்க வேண்டும்.

இதே ஊரில் உடற்பயிற்சிக்கூடம் தீப்பிடித்து எரிந்திருந்தது. இருந்த அளவில் திரும்பக் கட்டினால் கௌரவம் என்னாவது? இன்னும் பெரிதாக எடுத்தார்கள். சுவரின் கனம் 22 அடி. உள்ளே வெறும் கல்லும் ஜல்லியும், செங்கல் உறை இல்லை, பாரம் தாங்காது என்றார் ஒரு கட்டடக் கலைஞர். அந்த ஆள் முதல் கட்டடக் கலைஞரின் போட்டியாளர் என்பதையும் பிளினி கூடவே குறித்து வைத்தார். கிளாடியோபோலிஸ் என்ற இன்னொரு ஊரிலோ மலையடிவாரத்துப் பள்ளத்தில் பிரம்மாண்டமான குளியல்கூடம். கட்டுகிறார்கள் என்பதைவிடத் தோண்டுகிறார்கள் என்பதே பொருத்தம். புதிதாகச் சேர்ந்த சபை உறுப்பினர்கள் கட்டும் நுழைவுத் தொகைதான் அதற்கு முதல்.

இவ்வளவு கட்டிய மாகாணத்தில் வாளி கிடையாது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிக்கோமீடியாவில் பெருந்தீ பிடித்து வீடுகளும் இரண்டு பொதுக் கட்டடங்களும் சாம்பலானபோது, ஊருக்குப் பொதுவில் ஒரு பீச்சாங்குழல் இல்லை, ஒரு வாளி இல்லை. சனம் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தது. 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று பிளினி கேட்டார். வேண்டாம், நாலு பேர் கூடினால் கட்சி கட்டிவிடுவார்கள், சாமான் மட்டும் வாங்கி வை என்றார் டிராஜன்.

இந்தக் கிரேக்கப் பொடியன்களுக்கு உடற்பயிற்சிக்கூடம் என்றால் கொள்ளை ஆசை என்று அலுத்துக்கொண்ட டிராஜன், கட்டடக் கலைஞர் கேட்டபோது கையை விரித்தார். ரோமுக்கே கட்டடக் கலைஞர்கள் கிரேக்க தேசத்திலிருந்துதான் வருகிறார்களாம். ஆனால் நிக்கோமீடியாத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கேட்க வேண்டியதைக் கேட்டார். தண்ணீர் கொண்டுவா, சரி. ஆனால் இதுவரை இவ்வளவு பணம் யார் குற்றத்தால் போனது என்று கண்டுபிடி. ஒருவருக்கொருவர் உபகாரம் செய்துகொள்ளத்தான் திட்டத்தைத் தொடங்கித் தொடங்கி நிறுத்தினார்களா என்று பார்த்து எனக்கு எழுது. பிளினியின் கடிதத் தொகுப்பில் இதற்குப் பதில் கடிதம் இல்லை.

கணக்குக் கேட்கும் குடிமகன் ஒருவராவது இல்லையா என்றால், இருந்தார். பெயர் ஆர்க்கிப்பஸ், தொழில் தத்துவம். ஒருகாலத்தில் மோசடிக்காகச் சுரங்கத் தண்டனை பெற்றவர். புரூஸாவின் பெரும் பேச்சாளர் டியோ, தான் முன்னின்று கட்டிய கட்டடத்தை ஊரிடம் ஒப்படைக்க முனைந்தபோது, முதலில் கணக்கு, அப்புறம் ஒப்படைப்பு என்று ஆர்க்கிப்பஸ் தரப்பு குறுக்கே விழுந்தது. கூடவே, பேரரசர் சிலை இருக்கும் அதே கட்டடத்தில் மனைவியையும் மகனையும் டியோ புதைத்திருக்கிறார் என்று ராஜத்துரோக வாடையையும் கிளப்பிவிட்டது. விசாரணை நாள் வந்ததும் டியோ தயார். குற்றம் சொன்னவர்கள் வாய்தா கேட்டார்கள். டிராஜன் சிலை விவகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கணக்கை மட்டும் காட்டச் சொன்னார். கேட்டவன் யோக்கியதை எப்படியோ, கேள்வி நியாயமான கேள்விதான்.

பிளினிக்கு இந்த ஊராட்சி வித்தையெல்லாம் பித்தினியாவில்தான் தெரிந்தது என்று நினைக்க வேண்டாம். அவருடைய சொந்த ஊர் இத்தாலியின் கோமோ. அந்த ஊர்ப் பிள்ளைகளின் பராமரிப்புக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் தருவதாக முன்பே வாக்களித்திருந்தார். ரொக்கமாகக் கொடுத்தால் கரைத்துவிடுவார்கள், நிலமாகக் கொடுத்தால் பொதுச்சொத்துதானே என்று தரிசு போட்டுவிடுவார்கள் என்று நண்பருக்கு ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அதனால் அதைவிடக் கூடுதல் மதிப்புள்ள தன் நிலத்தை ஊர் பேருக்கு எழுதிவைத்து, அதே நிலத்தை வருஷம் 30,000 குத்தகைக்குத் தானே திருப்பி எடுத்துக்கொண்டார். அந்த 5 லட்சத்தை ரொக்கமாக எண்ணிப் பார்க்கும் பாக்கியம் கோமோ நகரசபைக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.