மருமவனே, பசுமை என்ன விலை?

வாடே மருமவனே. பூமியைக் காப்பாத்தக் கெளம்பிட்டேன்னு உங்கம்மா சொன்னா. நல்ல காரியம்தான். ஆனா அதுக்கு மொதல்ல ஒரு லோடு சாமான் வாங்கணுமாமே? எவர்சில்வர் ஸ்ட்ரா நாலு, அதைக் கழுவ ஒரு பிரஷ், அதைச் சொருகி வைக்க ஒரு சணல் உறை, எல்லாத்துக்கும் மேல ஒரு அட்டைப்பெட்டி, அதைக் கொண்டாந்து குடுக்க ஒரு பையன், அவனுக்கு ஒரு பைக்கு. இளநியைச் சாய்ச்சுக் குடிச்சா சட்டையில ரெண்டு சொட்டு சிந்தும். அவ்வளவுதாம்டே.

பூமாதேவி படம் போட்டு ஒரு துணிப்பை தோள்ல மாட்டிருக்கியே, ஜோராத்தான் இருக்கு. உங்க வீட்டுப் பரண்ல தாம்பூலப்பை ஒரு மூட்டை கெடக்கே, அதுக்கு என்ன கேடு? மணமக்கள் பேரு அச்சடிச்ச பையோட ஏசிக் கடைக்குள்ள போனா கௌரவம் கொறைஞ்சிரும், இல்லையா? அதுல ஒரு சோடி கோர்ட்டு வரைக்கும் போய்ப் பிரிஞ்சே போச்சு. பை இன்னும் நூல் பிரியல.

இங்கிலாந்து சுற்றுச்சூழல் முகமைக்காரன் 2011ல ஒரு கணக்குப் போட்டான். ஒரு பருத்திப் பையை 131 தடவை தூக்குனாத்தான், பூமியைச் சூடாக்குற கணக்குல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம். பருத்தி சும்மாவா வெளையுது? தண்ணி, உரம், மில்லு, சாயம்னு எம்புட்டு இருக்கு. அதுக்காக உடனே பிளாஸ்டிக்குக்குத் தாவிராத, அது சாக்கடையை அடைச்சு மாட்டு வயித்துல போய் உக்காரும். இருக்கிற பையைத் தூக்குடேங்கேன். அரசாங்கமே 2021ல மஞ்சப்பைக்கு இயக்கம் நடத்தியாச்சு, இவருக்கு இன்னும் வெக்கம்.

ஆபீஸ்ல மட்டும் என்ன வாழுது? வெளிய கத்திரி வெயிலு கொளுத்துது, உள்ள நீ கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு இருக்க. புது ஏசியெல்லாம் போட்டதும் 24ல நிக்கணும்னு 2020லயே விதி வந்தாச்சு. அதை மெனக்கெட்டு 19க்கு எறக்குறது யாரு, உங்க மேனேஜரா? ஒரு டிகிரி ஏத்துனா மின்சாரம் ஆறு சதவீதம் மிச்சம்னு மின்சிக்கனக்காரங்க சொல்லுதாங்க. நீ ஏன் சொல்லப் போற, இயற்கைச் சாயம் போட்ட கம்பளி எங்கன கெடைக்கும்னு தேடிக்கிட்டிருப்ப. டீ குடிக்கிறது பேப்பர் கப்புலன்னு பெருமை வேற! உள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்குடே. 2019 சனவரி 1லயே தடை பண்ணின பட்டியல்ல அதுவும் உண்டு. சுற்றுச்சூழல் தினம்னு ஜூன் 5க்கு வருசா வருசம் ஆபீஸ்ல குடுத்த பீங்கான் கப்பெல்லாம் மேசைக்கடியில பேனா தாங்கிக்கிட்டு கெடக்குல்லா? ஒண்ணைக் கழுவித்தான் பாரேன்.

வாங்கியே தீருவேன்னு கை அரிச்சா ஒண்ணு சொல்லுதேன், கேளு. விசிறியை மாத்து. ராப்பகலா ஓடுற பழைய சீலிங் ஃபேனு 75 வாட்டு திங்கும். பிஎல்டிசின்னு வருதுல்லா, அது முப்பது வாட்டு கிட்டயே அதே காத்தைக் குடுக்கும். நாளுக்கு இருவது மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல அம்பது யூனிட்டுக்கு மேல மிச்சம். கரண்டுக்காரன் ரீடிங் எடுக்க வரும்போது உனக்கே தெரியும். ஆனா இது உச்சியில தொங்குற சாமான், தோள்ல மாட்டிக்கிட்டுப் போய் நாலு பேருக்குக் காட்ட முடியாது. அதான் உனக்குப் புடிக்கல போல.

அப்புறம் அந்த ஆர்.ஓ. மிசினு. நீ ஒரு லிட்டர் குடிக்க அது ரெண்டு மூணு லிட்டரைச் சத்தமில்லாம சாக்கடைக்கு அனுப்புது. குழாயை வாளிக்குள்ள விடு. வீடு தொடைக்க, கக்கூஸுக்கு ஊத்த ஆகும். உப்பு ஏறுன தண்ணி, உன் மாடித்தோட்டத்துக் கத்திரிக்கு மட்டும் ஊத்திராத, கருகிரும். அதுக்குன்னு பித்தளை வாளி வாங்கக் கெளம்பிராதே மருமவனே, பெயிண்ட் டப்பா போதும்.

சரி, பொங்கலுக்கு மாமாவுக்கு மூங்கில் பல்பிரஷ் கொண்டாரேன்னு சொன்னியாமே. வாயைப் பாருடே. ஒரு பல்லாவது இருக்கா?