லெஸ்டரிலிருந்து ஆதம்பாக்கத்துக்கு: பப் க்விஸ் விளக்கம்

பப் க்விஸ் என்பது இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் வாரம் ஒருமுறை நடக்கும் பொது அறிவுப் போட்டி. செவ்வாய், புதன், ஞாயிறு என்று வியாபாரம் மந்தமாக இருக்கும் நாளாகப் பார்த்து, இரவு எட்டு மணிவாக்கில் தொடங்கும். பப் என்றதுமே சென்னை ஆதம்பாக்கத்தில் எழும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுவது நல்லது: உள்ளே போகிற எல்லாரும் குடிப்பதில்லை. ஆரஞ்சு ஜூஸ் உண்டு, உருளைக்கிழங்கு வறுவல் உண்டு. ஸ்வெட்டர் போட்ட பாட்டிகள் பேரன்களோடு வந்து உட்கார்ந்து, பேரன்களைவிட அதிகமாக விடை சொல்வார்கள். டாஸ்மாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த இடத்தைக் கற்பனை செய்யக் கூடாது.

1976இல் பர்ன்ஸ், போர்ட்டர் என்ற இருவர் தென் இங்கிலாந்தில் 32 அணிகளைத் திரட்டி, மூன்று லீக்குகளாகப் பிரித்து வாராவாரம் போட்டி நடத்தினார்கள். நோக்கம் அறிவு வளர்ச்சி அல்ல; காலி நாற்காலிகளை நிரப்புவது. நாட்டில் அதற்கான பைத்தியம் ஏற்கெனவே பிடித்திருந்தது. ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ 1962இலும் ‘மாஸ்டர்மைண்ட்’ 1972இலும் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டன. மாஸ்டர்மைண்டை உருவாக்கிய பில் ரைட், உலகப் போரில் ஜெர்மானிய ரகசியப் போலீஸிடம் சிக்கி விசாரிக்கப்பட்டவர். அந்த நிகழ்ச்சியின் இருட்டு அறை, ஒற்றை விளக்கு, கறுப்பு நாற்காலி எல்லாம் அந்த அனுபவத்தின் வரவு. மனிதரை உட்காரவைத்துக் குடைவதைப் பொழுதுபோக்காக மாற்ற வெள்ளைக்காரரால்தான் முடியும்.

விதிகள் எளிது. தலைக்கு ஒன்றிரண்டு பவுண்டு கட்டணம், மேஜைக்கு நாலிலிருந்து ஆறு பேர். அணிக்குப் பெயர் வைத்தே ஆக வேண்டும்; சிலேடையாக இருந்தால் கைதட்டல் கிடைக்கும். ‘ஆதம்பாக்கம் ஏரி’ என்று பெயர் வைப்பது உசிதமல்ல. க்விஸ் மாஸ்டர் அதை ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு விதமாக வாசிப்பார், அதில் ஏரி ஒருமுறையும் இடம்பெறாது.

சுற்றுகளில் கொடுமையானது படச் சுற்று. ஒரு தாளில் இருபது முகங்கள், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில். சமையல் நிகழ்ச்சி நடத்துபவர், வானிலை வாசிப்பவர், எண்பதுகளில் ஒரே ஒரு பாட்டு பாடி ஓய்ந்தவர் என்று எல்லாரும் அதில் இருப்பார்கள். ஆதம்பாக்கத்திலிருந்து வந்தவருக்கு இருபதும் ஒரே முகம். யாரோ வைத்த பீர் கிளாஸின் ஈர வட்டம் ஏழாம் எண்காரரின் மூக்கைக் கரைத்திருக்கும். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலும் பயனில்லை. பக்கத்து மேஜைப் பாட்டி மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

பொது அறிவு என்று சொன்னாலும் அது யாருக்குப் பொது என்பதில்தான் சிக்கல். மனோரமா இயர் புக்கும் டிஎன்பிஎஸ்சி கைடும் உருப்போட்ட மூளையில் தலைநகரங்கள், நாணயங்கள், முதல் பெண்மணிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். புர்கினா ஃபாஸோவின் தலைநகர் என்று கேள்வி முடிவதற்குள் வாகடூகு என்று எழுதிவிடலாம். அந்தக் கேள்வி மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. மற்ற வாரங்களில் கேட்கப்படுவது ‘கரோனேஷன் ஸ்ட்ரீட்’ சீரியலில் வரும் மதுக்கூடத்தின் பெயர். விடை: ரோவர்ஸ் ரிட்டர்ன். 1960 டிசம்பரில் ஆரம்பித்த சீரியல் இன்னும் முடியவில்லை. சன் டிவி சீரியல்கள் இழுக்கின்றன என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கால்பந்தில் 1966 உலகக் கோப்பை ஒன்றே போதும். இறுதிப் போட்டியில் பந்து கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி இங்கிலாந்துக்கு கோல் கொடுத்தவரை இங்கே எல்லாரும் ‘ரஷ்ய லைன்ஸ்மேன்’ என்பார்கள். தோஃபிக் பஹ்ராமோவ் என்ற அவர் அஜர்பைஜான்காரர். பாகு நகர ஸ்டேடியத்துக்கே அவர் பெயர்தான். இந்தத் தகவலுக்குத் தோளில் இரண்டு தட்டு கிடைக்கும்.

மெட்ராஸ்காரருக்கு மதிப்பெண் விழும் இடங்களும் உண்டு. 1967இல் பீட்டில்ஸை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்த பாட்டு ‘ரிலீஸ் மீ’. பாடிய எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் லெஸ்டரில் வளர்ந்தவர், அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை. அவர் பிறந்தது 1936இல், மெட்ராஸில். 2012 யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு பிரிட்டன் அனுப்பிய பாடகரும் அவர்தான். 26 பேரில் 25ஆவதாக வந்தார். அன்றைய தினம் லெஸ்டர் அவரை மெட்ராஸுக்கே விட்டுக்கொடுத்திருக்கும். இங்கிலாந்தின் முன்னாள் கிரிக்கெட் கேப்டன் நாசர் ஹுசைனும் 1968இல் மெட்ராஸில் பிறந்தவர்.

எவரெஸ்ட்டின் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. மலைக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட் யார் என்று பப்பில் கேட்பார்கள். சர்வேயர் ஜெனரல் என்று எழுதினால் மதிப்பெண். அந்த மலையை அளந்த நில அளவை எங்கே தொடங்கியது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியைத் தரையில் விரித்து, பரங்கிமலையருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் மரப்பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்துக் கணக்குப் பார்த்தார். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போன வேலைதான் 1856இல் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்ற அறிவிப்பில் முடிந்தது. ஆதம்பாக்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடத்துக்கு, லெஸ்டரில் அரை மதிப்பெண்கூடக் கிடையாது.

நம் ஊர் க்விஸ் வேறு ஜாதி. நீல் ஓ’பிரையன் 1967இல் கல்கத்தாவில் ஆரம்பித்துவைத்த மரபு அது. சென்னையில் ஆகஸ்ட் 15 அன்று மியூசிக் அகாடமியில் கண் மருத்துவர் நவீன் ஜெயகுமார் நடத்திவந்த லேண்ட்மார்க் க்விஸுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: கேள்வி ஒரு பத்தி நீளம் இருக்கும், துப்புகளைக் கோத்து யோசித்தால் விடை வரும். பப்பில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு வரிக் கேள்வி, தெரிந்தால் தெரியும். தெரியாததை சாய்ஸில் விட்டுவிட வேண்டியதுதான்.

முடிவில் மேஜைக்கு மேஜை தாளை மாற்றித் திருத்துவார்கள். ஸ்பெல்லிங் தகராறு, கால் மதிப்பெண் பேரம் எல்லாம் உண்டு. பரிசு பெரும்பாலும் அதே பப்பில் செலவழிக்க வேண்டிய கூப்பன். அதை ஆரஞ்சு ஜூஸாக மாற்றி முடிக்க ஒரு மாதமாகும்.

தெரியாத விடைக்கு ஆதம்பாக்கத்துக்கே போன் போட்டுக் கேட்கலாமே என்ற யோசனை எல்லாருக்கும் வரும். செல்போனைத் தொட்டால் அணியை வெளியேற்றிவிடுவார்கள். பாத்ரூம் போகிற சாக்கில் பேசினாலும், இங்கே எட்டரை என்றால் அங்கே கோடையில் இரவு ஒரு மணி, குளிர்காலத்தில் இரண்டு. அந்த நேரத்தில் அப்பாவை எழுப்பி எட்டாம் ஹென்றியின் ஐந்தாவது மனைவி யார் என்று கேட்டால், வரும் பதில் விடைத்தாளில் எழுதத் தக்கதாக இருக்காது.