சேலையா, சீவாளியா?

கேள்வி: நயினாதீவிலிருந்து படகேறி, பலாலியில் விமானமேறிச் சென்னைக்குச் செல்பவர் இசைக்கருவிக் கடைகளையே சுற்றினால், வீட்டார் சேலைக்கடையை எப்போது காண்பது?

பதில்: சேலையைத் தடவிப் பார்த்தே வாங்கிவிடலாம், சீவாளியை ஊதிப் பார்க்காமல் எவர் வாங்குவார்? நாகசுரத்தின் நுனியில் செருகப்படும் நாணல் ஊதுவாயே சீவாளி. ஒரே கைவினைஞர் செய்த இரண்டுகூட ஒன்றைப்போல் மற்றொன்று ஒலிப்பதில்லை என்பதாலும், ஈரக்காற்றில் நாணலும் தவிலின் தோலும் தம் குணத்தை மாற்றிக்கொள்ளும் என்பதாலும், நாகபூசணி அம்மன் திருவிழாவில் வாசிக்கும் தீவகக் கலைஞர் கடையில் கழிக்கும் அரைநாள் வீணன்று.

1842-இல் தொடங்கி அண்ணா சாலையில் இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் கடையைக் காண்பதும் நன்றே. ஆயினும் நாகசுரம் பிறக்கும் இடம் பெருநகரமன்று: கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படும் நாகசுரம், ஒரு பொருளை அதன் ஊரோடு பிணைக்கும் சட்டப் பாதுகாப்பாகிய புவிசார் குறியீட்டை 2022-இல் பெற்றது. ஆகவே சேலைக்கடையை வீட்டாரிடம் விட்டுவிட்டு, கலைஞர் கும்பகோணத்துக்கு ரயிலேறுவதே முறை.