குளிக்கவா, வேர்க்கவா?

கேள்வி: நியூயார்க்கின் பழைய வீடுகளில் குளிருக்கு நீராவி பாய்லர் ஓடுகிறதே, குளிக்க வெந்நீரையும் அதிலிருந்தே எடுக்கலாமா?

பதில்: தாராளமாக! ஆனால் நீராவியைத் தொடாதீர்கள். பாய்லரின் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சுடுநீரை பம்ப் வைத்து இழுத்து, வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாயில் ஓடவிட்டு, பாய்லருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தொட்டி நீரும் பாய்லர் நீரும் மனஸ்தாபமுள்ள சம்பந்திகள் மாதிரி: பக்கத்தில் இருப்பார்கள், கலக்க மாட்டார்கள். பாய்லர் நீரில் துருவும் கசடும் இருக்கும். வழியில் வடிகட்டி அவசியம். பம்ப்பும் வெண்கலமாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். கோடையில் பாய்லர் சூடு 82 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி ஒரு தானியங்கி ஸ்விட்சும் வேண்டும். மறந்தால், ஜூலையில் ஒருவர் குளிக்கப்போக, நீராவி கிளம்பி, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரெல்லாம் கொதித்து வீடே வியர்வையில் குளிக்கும்!