தேங்காயும் மாசியும் ஐந்து நட்சத்திரமும்

எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு விமர்சனத்தை நம்பித்தான் ஊரைவிட்டுக் கிளம்பினார். விமர்சகர், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி. பொருள், இலங்கை. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று அவர் சொன்னதாக மலையகத்தில் வீட்டுக்கு வீடு கதை உண்டு. அப்போது நட்சத்திரம் போடும் வழக்கமில்லை. இருந்திருந்தால் ஐந்தும் விழுந்திருக்கும்.

கங்காணி ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டார். தான் கூட்டிவந்த ஆள் வேலைக்கு இறங்கும் நாளுக்கெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் தனக்குக் காசு தரும் என்பது. வழிச்செலவோ ஆளின் கடன் கணக்கில். அந்தக் கடனை எழுதிய துண்டு, 1921இல் சட்டம் ஒழிக்கும்வரை, தோட்டத்துக்குத் தோட்டம் கூடவே போனது. ஏமாந்தவர் திரும்பிப் போகலாமென்றால் நடுவில் கடல்.

இந்த மரபின் வாரிசு என் அக்கா மகன். எங்கள் ஊவாவில் எல்லவிலிருந்து தெமோதரை வரை கெஸ்ட் ஹவுஸ்களில் தின்றுவிட்டு ஃபோனில் புகழ்கிறான். ரூம் ஓசி, சோறு ஓசி, சில இடங்களில் கையில் ஒரு கவர். அதே 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் பாவம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவன் வீடியோவில் மட்டும் எல்லா ஜன்னலுக்கும் வந்து போகிறது. கேட்டால், "ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துல ரயில் போற ஊரு மாமா இது, எதச் சொன்னாலும் நம்புவாங்க" என்கிறான்.

"காசு வாங்கினத சொல்லிட்டுப் புகழேண்டா."

"சொன்னா யாரு மாமா பார்ப்பா?"

"சொல்லாட்டி நீ கங்காணிடா" என்றேன். பயல் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டான்.

காசு வாங்கிக் கருத்துச் சொல்வதே பாவம் என்பது என் கட்சியல்ல. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் புரோக்கர் கம்பெனி விற்பவரிடம் தரகு வாங்குகிறது. அங்கே ருசி பார்ப்பவர் கோப்பை வரிசை முன் நின்று, கரண்டியால் சுர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டித் துப்பிவிடுவார். ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றில் மணமேறும் எங்கள் ஊவாத் தேயிலைக்கும் அதே துப்பல்தான். பிறகு, கொழுந்து சரியாக வாடவில்லை, தீய்ந்த வாடை என்று ஃபாக்டரி டீ மேக்கர் முகம் சுண்டும்படி எழுதுவார். இத்தனைக்கும் அவர் அரிச்சந்திரன் இல்லை. அவர் கம்பெனியின் தரகு ஊரறிந்தது. தவிர, வாங்குகிறவனும் தன் கரண்டியோடு நிற்கிறான். கெஸ்ட் ஹவுஸ் தேடும் ஆளிடம் கரண்டி ஏது? காசு கட்டி, பையை இறக்கி, கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு ருசி.

காசு வாங்கினால் சொல்லிவிடு என்று அமெரிக்காவில் 2009இல் விதி வந்தது. இந்திய அரசும் 2023இல் சொல்லிவிட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் ஏமாற்றுகிற வியாபாரியைத்தான் பிடிக்கும். "நான் வியாபாரி இல்லியே மாமா, ரசிகன்தானே?" என்றான் மருமகன். சட்டம் படித்திருக்கலாம்.

நச்சரிப்புத் தாங்காமல், அடுத்த வீடியோவின் கடைசி நொடியில், டஸ்ட் தூளைவிடப் பொடியான எழுத்தில், 'பணம் பெற்றுச் செய்தது' என்று போட்டான். மறுநாள் காலையிலேயே கெஸ்ட் ஹவுஸ்காரர் ஃபோன் எடுத்துவிட்டார்.

"என்ன தம்பி இப்புடிப் பொய் போட்டிருக்கீங்க? நான் இன்னும் காசு குடுக்கவே இல்லியே!"